வடக்கே தலை வைத்த படம்

சனிக்கிழமை, காலை 5.40.

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறும்போது என் பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு டஜன் வண்ணப் பேனா, முப்பது மீட்டர் டேப், ஒரு திசைகாட்டி இருந்தன. திசைகாட்டியைப் பார்த்து என் மனைவி சிரித்தாள். "உத்திரமேரூருக்கு என்ன, கப்பல்லயா போறீங்க?" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஊருக்கு வழி தெரியாவிட்டாலும் திசை தெரிந்தாக வேண்டும் எனக்கு. அந்தக் கர்வத்தோடுதான் கிளம்பினேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

செங்கல்பட்டில் இறங்கும்போது மணி 6.35. டிக்கெட் பத்து ரூபாய். பஸ் நிலையத்துக்கு வெளியே பொங்கல், வடை, காபி முடித்து 7.05 பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்தேன். பாலாற்றுப் பாலத்தில் பனி இறங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. மாமண்டூர், படாளம் தாண்டி, புக்கத்துறை கூட்டுரோட்டில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காட்சி மாறிவிடுகிறது. இரு பக்கமும் ஏரிகள். பொங்கலுக்கு முன் அறுத்த வயல்கள் சில, நவரைப் போகத்துக்கு நட்டு ஒரு வாரம் ஆன வயல்கள் பல. நடத்துனர் என் கையிலிருந்த வரைபடச் சுருளைப் பார்த்துவிட்டு, "கல்வெட்டு பாக்கவா சார்?" என்றார். உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரன் வேறெதற்கு வருவான் என்பது அவர் எண்ணம். இல்லை, ஒரு ஊருக்குப் படம் போட என்றேன். "சினிமாவா?" என்றார். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. கல்வெட்டு ஆயிரம் வருஷம் காத்திருந்தது. இந்தத் தடவையும் அது என்னை மன்னிக்கும் என்று விட்டுவிட்டேன்.

8.20. உத்திரமேரூர் பஸ் நிலையம். வசந்தி ஸ்கூட்டரோடு காத்திருந்தார். என்னோடு பத்து வருஷம் ஒரே பள்ளியில் கணக்கு நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, இப்போது ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஊர்க்காரர்களை விட்டே அவர்கள் ஊரின் வரைபடத்தைப் போட வைக்கிறார். அரசாங்கப் படத்தில் இல்லாத கிணறு, கால்வாய், களம், ஒற்றையடிப் பாதை எல்லாம் அதில் வந்துவிடும். அந்தப் படத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டால், பிறகு அதிகாரிகளிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். "எனக்குக் கோடு நேரா வராது சார், நீங்க வந்து நகல் எடுத்துக் குடுங்க" என்று கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை குடியரசு தினம். அன்று காலை பதினோரு மணிக்குக் கிராம சபை. கையில் இரண்டு நாள்தான்.

டீ குடிக்கும்போதே விஷயத்தைச் சொன்னார். நாங்கள் போகும் ஊரில் காலனி என்று ஒரு பகுதி, நாற்பத்திரண்டு வீடுகள். அவர்களுடைய இடுகாடு மேற்கே, ஓடையை ஒட்டி இருக்கிறது. அங்கே போக ஓடைக்கரையோரமாக ஒரு வரப்புதான் வழி. பக்கத்து நிலக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் அதில் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். போன ஐப்பசியில், விடாமல் மழை பெய்த வாரத்தில், செல்வி என்பவரின் கணவர் இறந்து போனார். ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள். அதிலிருந்து செல்வி அலுவலகம் அலுவலகமாக மனு கொடுக்கிறார். "பாதை எங்கம்மா இருக்கு, படத்துல காட்டு" என்கிறார்கள். படத்தில் இல்லை. அதனால் படத்தைத் தாங்களே போட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்.

9.15. திருப்புலிவனம் சாலையில் நாலு கிலோமீட்டர், அங்கிருந்து உள்ளே மூன்று. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், அதனால் எழுதவில்லை. நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். ஆண்கள் ஐந்தாறு பேர் ஓரமாக, பார்க்க மட்டும் வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். செல்விக்கு நாற்பது வயது இருக்கும். நூறு நாள் வேலையில் ஆட்களுக்குக் குழி அளந்து கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர். அதனால் கயிறு பிடிப்பது, அடி எண்ணி நடப்பது எல்லாம் அத்துப்படி. பேச்சு குறைவு. பார்க்கிற பார்வையிலேயே எதிராளி நின்ற இடத்தை அளந்துவிடுவார்.

வசந்தி என்னைத் தனியாக இழுத்துப்போய், "சார், இங்க ஒரே ஒரு விதிதான். கையைப் பின்னால கட்டிக்கணும். திருத்தக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஆகா அருமைன்னு கூடச் சொல்லக் கூடாது" என்றார். வகுப்பில் பையன்களுக்கு நான் போட்ட விதியை எனக்கே போடுகிறார் என்று சிரித்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன்.

மார்கழிக் கோலத்தில் மிஞ்சிய பொடிகளை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளை பாதைக்கு, நீலம் தண்ணீருக்கு, செங்கல்தூள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும், உமி கழனிக்கு. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. முதலில் களத்தின் அந்தக் கோடியில் ஏரியைப் போட்டார்கள். ஏன் அங்கிருந்து ஆரம்பித்தார்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தி முறைத்தார். ஆனால் என் முகத்திலேயே கேள்வி செல்விக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"ஏரி தலமாட்டுல இருக்கணும் சார். அங்கேர்ந்துதான தண்ணி எறங்கி வருது" என்றார்.

ஏரியிலிருந்து நீலம் இறங்கியது. மதகு, கால்வாய், ஓடை. ஒருத்தி போட்டதை இன்னொருத்தி கால் கட்டைவிரலால் அழித்து வேறு மாதிரி போட்டாள். கைப்பம்பு எந்தப் பக்கம் என்பதில் கால் மணி நேரம் சண்டை. பிறகு எல்லோரும் தங்கள் வீட்டுக் கொட்டையையும் வராத அண்டை வீட்டாருடையதையும் தாங்களே வைத்தார்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்கும் அதே சுருக்கில். கடைசியில் செல்வி வெள்ளைப் பொடியை எடுத்து, காலனியில் ஆரம்பித்து ஓடையை ஒட்டியே ஒரு கோடு இழுத்தார்.

"இதான் மேல வயி. பொணம் போற வயி" என்றார்.

இந்தப் பக்கத்தில் ழகரம் யகரமாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். விருதுநகர்க்காரனான நான் அதைப் புத்திசாலித்தனமாகத் திருத்தி என் நோட்டில் எழுதினேன்: 'மேலே உள்ள வழி. இடுகாட்டுக்குச் செல்வது.'

12.30. டீயும் பன்னும் வந்தன. எல்லோரும் நிழலுக்குப் போனார்கள். நான் மட்டும் படத்தைச் சுற்றி வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஓடையின் நீலத்துக்கு நடுவில் மட்டும் ஒரு புளியங்கொட்டை கிடந்தது. கொட்டை என்றால் வீடு. ஓடைக்குள் யார் வீடு கட்டுவார்கள்? யாரோ கைதவறிப் போட்டிருக்கிறார்கள் என்று குனிந்து எடுத்தேன். நீலத்தை விரலால் சமன் செய்தேன். பிறகு டப்பாவில் போடலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன், அதற்குள் டீ ஆறிப்போகும் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

மாலை 5 மணி. பஸ் நிலையத்துக்கு எதிரே விடுதி, அறை நானூற்று ஐம்பது. வசந்தி ஒரு செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அதன்மேல் ஊர்க்காரர்கள் சொன்ன பெயர்களையும் பாதைகளையும் நான் குறிக்க வேண்டும். களத்துப் படத்தை அவர் கைப்பேசியில் பிடித்திருந்தார். "இதைப் பாத்துக்குங்க சார்" என்று நீட்டினார். என் நோட்டே போதும் என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன்.

நோட்டில் 'மேலே உள்ள வழி' என்றிருந்தது. படத்தில் மேலே பார்த்தேன். அங்கே அழகாக ஒரு சாலை இருந்தது. சிவப்புப் பேனாவால் அதன்மேல் தடிமனாக ஓட்டி, 'இடுகாட்டுப் பாதை' என்று குண்டு குண்டாக எழுதினேன். வலது மூலையில் வடக்கு என்று அம்பு போட்டேன். வசந்தி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சார் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அப்படியே கொண்டுபோய் மூன்றடிக்கு நாலடி ஃபிளெக்ஸாக அடிக்கக் கொடுத்தார். இருநூற்று நாற்பது ரூபாய்.

ஞாயிறு, காலை 8.30.

அதே களத்தில் ஃபிளெக்ஸை விரித்தோம். பெண்கள் கூடினார்கள். வழவழவென்றிருக்கிறது என்று தடவிப் பார்த்தார்கள். செல்வி ஒரு முறை சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றி வந்தார். பிறகு படத்தின் வலது பக்கத்தில் போய் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இது எங்க ஊரு இல்ல."

"எப்படிம்மா, மேலேயிருந்து எடுத்த படம்" என்றேன்.

"படம் கரெக்ட்டா கீது. நீங்க போட்ட செவப்புதான் தப்பு. இது வடக்க போற தார் ரோடு. ஊர்க்காரங்க சுடுகாட்டுக்குப் போறது. நான் சொன்னது மேல வயி."

நான் நோட்டைக் காட்டி, மேலே இருக்கிற வழி என்றுதானே சொன்னீர்கள் என்று ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் எனக்கே புரிந்துவிட்டது. மேல என்றால் மேற்கு. மேலே அல்ல. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பிறந்ததே மேலத்தெரு. அது எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிறது; எதற்கும் மேலே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் வடக்கை மேலே போட்டுப் போட்டு, என் காதும் அப்படியே திரும்பிவிட்டிருக்கிறது.

"எல்லாரும் மேக்கதான தலமாட்டுல வெச்சோம். நீங்க இன்னாடான்னா வடக்க தல வெச்சிப் படுக்கப் போட்டுட்டீங்க" என்றார் செல்வி. பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வடக்கே தலை வைத்து யாரும் படுக்க மாட்டார்கள் என்பது எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி.

செல்வி சிரிக்கவில்லை. "இத்த அப்பிடியே சபையில வெச்சா, தார் ரோடுதான் கீதே, ஒனக்கு இன்னும் இன்னா வயின்னு கேட்டுட்டு ஏந்து பூடுவாங்க சார். அப்பால எத்தினி மனு குடுத்தாலும் இந்தப் படத்தையே காட்டுவாங்க" என்றார்.

அதில் கோபம் இருந்திருந்தால் தேவலாம். சாதாரணமாகச் சொன்னார்.  ஒரு எழுத்து நீண்டதில் ஒரு பாதையை நானே அடைத்துவிட்டேன், முள்ளை விடப் பலமாக. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வசந்தியும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, அச்சுக்கடை பூட்டு.

செல்விதான் குனிந்து ஃபிளெக்ஸைப் புரட்டிப் போட்டார். பின்பக்கம் வெறும் வெள்ளை. "இதுலயே போடலாம். இந்த தடவ நாங்க எயுதறோம், நீங்க பேனாவ மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். நான் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாக நீட்டினேன். அன்று முழுவதும் எனக்கு அதுதான் வேலை. ஏரியைத் தலைமாட்டில் வைத்தார்கள். வடக்கு அம்பு வலது ஓரத்தில் படுத்துக்கொண்டது.

10.45. மேல வழியை மட்டும் உத்தேசமாகப் போட வேண்டாம், நடந்தே பதிவு செய்துவிடலாம் என்றார் வசந்தி. நடக்கும் தடத்தைக் கோடாகப் பதியும் செயலி அவர் கைப்பேசியில் இருந்தது. பத்துப் பேர் கிளம்பினோம். முள் போட்ட இடத்துக்கு வந்து நிற்கும்போதே, பின்னால் மொபெட் சத்தம். நிலக்காரர் எத்திராஜ். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வரை சேறு.

"இன்னா செல்வி, ஊரக் கூட்டிக்கினு வந்துட்ட" என்றார்.

"படம் போடறோம் நைனா. நடந்து பாத்துட்டுப் போறோம்."

"நட்டு ஒம்போது நாளு ஆவுது. மெறிச்சிட்டா யாரு பதில் சொல்றது?" வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், அதிகாரி என்று நினைத்து. "சார், நான் வயி உட மாட்டேன்னு சொல்லல. முள்ளு போடறதுக்கு முந்தின வருசம் மயையில நுப்பது பேரு இந்த வரப்புல நடந்து, உள்ள சரிஞ்சி, பாதி நடவு மண்ணுல போச்சி. எனக்கும் பேஜாரு. இன்னிக்கு நீங்க பேப்பர்ல ஒரு கோடு போடுவீங்க. ஆபீஸ்ல அது பத்தடி ஆவும், அப்பால இருவது அடி ஆவும். எத்தினி அகலம்னு எயுதிக் குடுங்க, பேசலாம்."

 வரைபடக் கோட்டுக்கு அகலம் கிடையாது என்பதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அந்தக் கோட்டைக் கண்டு ஒருவர் பயப்படக்கூடும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. டேப்பை எடுத்தேன். எதை அளப்பது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தேன்.

செல்வி வரப்பின் அகலத்தைக் காலடியால் அளந்து பார்த்தார். பிறகு கூட வந்த ஆண்களிடம், "டீக்கடை பெஞ்ச எடுத்துக்கினு வாங்க. ரெண்டு சாக்குல மண்ணு" என்றார்.

பெஞ்சு வந்தது. உரச் சாக்கில் மண் அள்ளி, இரண்டு மூட்டையை அதன்மேல் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "மூட்டைக்கு பதிலு சார் படுத்துக்கினா வெயிட்டு கரெக்ட்டா தெரியும்" என்று ஒருவர் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எத்திராஜ் கூட.

"நாலு பேரு தோள்ல தூக்கிக்கினு கால் வயுக்காம நடக்கணும் நைனா. அவ்ளோதான் எங்குளுக்கு அகலம். அதுக்கு மேல ஒரு ஜாணு கேட்டா என்னக் கேளு" என்றார் செல்வி.

முள்ளை எத்திராஜே அரிவாளால் இழுத்து ஓரம் போட்டார். நாலு பேர் பெஞ்சைத் தூக்கினார்கள். முன்னால் செல்வி சுண்ணாம்புப் பொடியோடு, பின்னால் வசந்தி கைப்பேசியோடு. நால்வரின் கால் எங்கே படுகிறதோ அங்கே வெளி ஓரத்தில் செல்வி ஒரு புள்ளி வைத்தார். மூன்று இடத்தில் அளந்தோம். ஐந்தடி போதவில்லை, ஆறடி தாராளம். வரப்பு இரண்டடிதான். மீதி நாலடி எத்திராஜின் நாற்றுக்குள் விழுந்தது. அவர் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிக்கொண்டு பின்னாலேயே வந்தார். முகம் இறுகிக்கொண்டே போனது.

பாதி வழியில் ஓடை வளைகிற இடத்தில் செல்வி நின்றுவிட்டார். தூக்கியவர்களும் நின்றார்கள். இப்போது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான். அதைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"இங்கதான் சார். அன்னிக்கி மார் மட்டும் தண்ணி. அதுக்கு மேல போவ முடியல, திரும்பவும் முடியல. எறக்கி வெக்க எடம் இல்ல. தோள்லயே வெச்சிக்கினு நின்னாங்க, தண்ணி வடியற வரைக்கும். நான் கரையில நின்னு பாத்துக்கினு இருந்தேன். என் வூட்டுக்காரு அவ்ளோ நேரம் தண்ணிக்கு நடுவுல இருந்தாரு."

ஓடைக்கு நடுவில் கிடந்த புளியங்கொட்டை எனக்கு நினைவு வந்தது. நீலப் பொடியை விரலால் சமன் செய்ததும் நினைவு வந்தது. கொட்டை இப்போது விடுதியில், நேற்றைய சட்டைப் பையில் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை. 

அப்போது பின்னாலிருந்து எத்திராஜின் குரல்.

"கல்லு இங்க இல்ல."

திரும்பினோம். அவர் வரப்பை விட்டு இறங்கித் தன் நாற்றுக்குள் நாலைந்து அடி போயிருந்தார். குனிந்து சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். பிறகு அரிவாள் முனையால் கொத்திப் புல்லையும் சேற்றையும் விலக்கினார். அடியில் சர்வே கல்லின் தலை தெரிந்தது.

"என் நெலம் இந்தக் கல்லோட சரி. இதுக்கு அந்தாண்ட ஓடை வரைக்கும் பொறம்போக்கு. எங்கப்பா காலத்துலயே வரப்பத் தள்ளிப் போட்டுட்டாங்க. நானும் ஓட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

வசந்தி மெல்ல, "நேத்து வந்திருந்தா படத்துலயே வெச்சிருக்கலாமேய்யா" என்றார்.

"என்ன யாரு கூப்ட்டா?" என்றார் எத்திராஜ்.

அவர் சொன்னது சரி. ஊரே சேர்ந்து போடும் படம் என்று பேசிக்கொண்டு, கல் இருக்கும் இடம் தெரிந்த ஒரே ஆளை யாரும் கூப்பிடவில்லை. கல்லிலிருந்து ஓடைக்கரைக்கு டேப் பிடித்தேன். எட்டரை அடி. இந்த முறை டேப்புக்கு வேலை இருந்தது.

 களத்துக்குத் திரும்பியதும் செல்வி பேனாவை எத்திராஜிடம் நீட்டி, "கல்ல நீங்களே வெச்சிடுங்க நைனா" என்றார். அவர் பேனாவைச் சேற்றுக் கையோடு வாங்கி, நெடுநேரம் இடம் பார்த்து, ஒரு சிறிய சதுரம் போட்டார். "இந்த நடவு அறுப்பு முடியட்டும். சித்திரையில வரப்ப உள்ள இஸ்து போட்டுடறேன்" என்றார். "அதுக்குள்ள யாரும் சாவாதீங்க" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

திங்கள், காலை 11.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு பள்ளிக்கூட வளாகத்தில் கிராம சபை. சுமார் நூறு பேர். படத்தைச் சுவரில் கட்டியிருந்தோம். சேற்றுக் கைரேகை ஒன்று கீழ் ஓரத்தில் இருந்தது, யாரும் துடைக்கவில்லை. பார்வையாளராக வந்திருந்த அலுவலர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வடக்கு எங்கம்மா?" என்றார்.

"சைடுல கீது சார். தலய சாய்ச்சிப் பாருங்க" என்றார் செல்வி.

அவர் சாய்த்துப் பார்த்தார். கூட்டத்தில் பாதிப் பேர் அவரோடு சேர்ந்து சாய்த்தார்கள். தார் சாலை இருக்கும்போது இது எதற்கு என்று ஒரு குரல் எழுந்தது. நான் பயந்த கேள்வி. செல்வி பதில் சொல்ல எழுந்திருப்பதற்குள் எத்திராஜ் உட்கார்ந்தபடியே, "அது வேற ரோடு. கல்லு நான் வெச்சது" என்றார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மேல வழி, ஓடைக்கரைப் புறம்போக்கில் ஆறடி அகலம், அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். தீர்மானம்தான், பாதை இல்லை. அளவையர் வர வேண்டும், கோப்பு நகர வேண்டும், சித்திரையும் வர வேண்டும். அது செல்விக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போட வரிசையில் நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

பிற்பகல் 2.10. திருப்புலிவனம் பஸ் நிறுத்தம். வசந்தி ஸ்கூட்டரில் என்னை இறக்கிவிட வந்தார். பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவில் செல்வியும் வந்தார். உத்திரமேரூரில் படத்தை நகலெடுக்க வேண்டுமாம். நான் வேண்டுமென்றே சனிக்கிழமை போட்ட சட்டையைப் போட்டிருந்தேன். பையிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து நீட்டினேன். நீலப் பொடி இன்னும் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது.

"இது உங்களோடது. சனிக்கிழமை நான்தான் எடுத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். நாப்பத்திரண்டு வூடு. நாப்பத்திமூணு எண்ணிதான் எடுத்தாந்தேன். சாயங்காலம் வாரும்போது ஒண்ணு கொறஞ்சிது."

"அப்பவே கேட்டிருக்கலாமே அம்மா."

"நீங்க திருடலயே. சுத்தம்தான பண்ணீங்க" என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த ஆய்வாளரும் என்னை இப்படிக் குற்றம் சாட்டியதில்லை. அவர் அதைக் குற்றமாகக் கூடச் சொல்லவில்லை. கொட்டையைப் படத்தில் ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், படத்துக்கு வழி போதும் என்றார். உத்திரமேரூர் பஸ் திரும்புவது தெரிந்தது. என் உள்ளங்கையை மடக்கி மூடினார்.

"நீங்களே வெச்சிக்கோங்க. அடுத்த ஊருக்குப் போனீங்கன்னா, கீய கெடக்கறத கேட்டுட்டு எடுங்க."

இரவு எட்டு மணிக்கு வீடு. மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு நேர் எதிர். எங்கள் குடியிருப்பின் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, சாவு வந்தால் எந்தப் படியால் இறக்குவார்கள், எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன்.

மறுநாள் காலை என் மனைவி சட்டையைத் தோய்க்கப் போட எடுத்தாள். பையைத் துழாவி, நீலம் ஒட்டிய கொட்டையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"இது வேணுமா, எறிஞ்சிடட்டுமா?" என்று கேட்டாள்.